காட்டுமிராண்டி வீரனும் பத்துமலை வாசகரும்: ‘கொம்புடைக் கடவுள்’ சித்திரக்கதைத் தொகுப்பு பற்றிய கருத்து வேறுபாடுகள்

முன்னுரை

ஒரு நூல் தன் வாசகரை இரு கூறாகப் பிரிக்குமாயின், அப்பிரிவுக்குக் காரணம் நூலில் உள்ளதா, வாசகர் கொண்டுவரும் எதிர்பார்ப்பில் உள்ளதா என வினவுவது திறனாய்வின் முதற்கடமையாகும். பிரித்தானியச் சித்திரக்கதை எழுத்தாளர் பேட் மில்ஸ் படைத்த ‘ஸ்லான்யா’ என்னும் கெல்திய வீரனின் கதைத்தொகுப்புகள், குறிப்பாகக் ‘கொம்புடைக் கடவுள்’ எனத் தமிழில் பெயர்த்துக் கூறத்தக்க தொகுப்பு, இத்தகைய பிரிவினைத் தோற்றுவித்த நூல்களுள் ஒன்று. ஒரு சாரார் இதனைச் சித்திரக்கதைக் கலையின் சிகரமெனப் போற்றுவர். மற்றொரு சாரார் தசைத்திரளும் குருதியும் வெற்று முழக்கமும் நிறைந்த ஆரவாரமெனத் தள்ளுவர்.

இதனைத் தமிழாய்விதழ் ஒன்றில் ஆராய்வதற்கு இயைபு என்னவென வினவலாம். இயைபு இரண்டு. முதலாவது, பழந்தமிழ் வீரநிலைக் கவிதையையும் ஐரிய வீரநிலை இலக்கியத்தையும் ஒருங்கு வைத்து நோக்கும் மரபு நம் புலமையுலகிற்குப் புதிதன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல், சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிய, வேல்சியப் பழம்பாடல்களோடு ஒப்பிட்டது. அவ்வாய்வினைப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நெறிப்படுத்திய ஜார்ஜ் தாம்சன், கிரேக்கப் புலமையோடு ஐரிய மொழியிலும் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். இரண்டாவது, ‘காட்டுமிராண்டி’ என்னும் சொல் நம் சமூகத்தின் வழிபாட்டு வரலாற்றோடு தொடர்புடையது. தைப்பூசத்தின்போது பத்துமலையில் அலகு குத்திக் காவடி எடுக்கும் அடியாரை நோக்கி அச்சொல் வீசப்பட்டதுண்டு. அச்சொல்லையே பெருமைப் பெயராகச் சூடிக்கொள்ளும் ஒரு நூலை நாம் எவ்வாறு வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் மையவினா.

தொகுப்பின் பின்புலம்

‘2000 ஏ.டி.’ என்னும் வார இதழ் 1977ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கப்பெற்றது. அறிவியற் புனைவுக்கென அமைந்த அவ்விதழில் 1983ஆம் ஆண்டு ஸ்லான்யா முதன்முதலாகத் தோன்றினான். பேட் மில்ஸ் கதையை எழுத, ஏஞ்சலா கின்கெய்டு முதற்பகுதிக்கு உருவம் தந்தார். பின்னர் மாசிமோ பெலார்தினெல்லி, மைக் மக்மான், கிளென் ஃபேப்ரி ஆகியோர் அடுத்தடுத்து வரைந்தனர். 1989, 1990ஆம் ஆண்டுகளில் சைமன் பிஸ்லி முழுவண்ண ஓவியங்களாகத் தீட்டிய ‘கொம்புடைக் கடவுள்’ இவ்விதழில் தொடராக வந்தது. பின்னர் தொகுப்பாகிப் பலமுறை மறுபதிப்புக் கண்டது.

கதையின் சுருக்கம் வருமாறு. செசைர் என்னும் குடியின் மன்னனாகிய ஸ்லான்யா, சிதறிக் கிடக்கும் கெல்தியக் குடிகளை ஒன்றுதிரட்ட முனைகிறான். எதிரே நிற்பவன் ஸ்லோ ஃபெக். முன்பு நிலத்தாயின் துணைவனாகக் கொம்புடைக் கடவுள் என்னும் நிலையில் இருந்தவன். தனக்கு விதித்த காலம் முடிந்தபின் உயிரை ஈய மறுத்து, உடல் அழுகியும் சாகாமல் ஆட்சியைப் பற்றிக்கொண்டிருப்பவன். கடலினின்று எழும் ஃபோமோரியர் என்னும் அரக்கக் கூட்டம் அவனுக்குத் துணை. தானு என்னும் நிலத்தாயின் அருளைப் பெற்று, ஸ்லான்யா புதிய கொம்புடைக் கடவுளாகிறான். இவ்வளவையும் ஏட்டில் எழுதுபவன் உக்கோ என்னும் குள்ளன்; களவும் பொய்யும் பேராசையும் நிறைந்த அவனே வீரனின் தோழனும் வரலாற்றாசிரியனும் ஆவான்.

கோனன் போன்ற முன்னோடிகளை இவ்விடத்து நினைவுகூர்தல் வேண்டும். அமெரிக்கரான ராபர்ட் ஹோவர்டு 1932ஆம் ஆண்டில் படைத்த கோனன், 1970 முதல் சித்திரக்கதையாகவும் புகழ்பெற்றவன். வாளேந்திய தனிவீரன், அழியும் நகரங்கள், மாயவித்தையரின் சூழ்ச்சி என்னும் வாய்பாடு அவ்வழி வந்தது. மில்ஸ் இவ்வாய்பாட்டை எடுத்துக்கொண்டு, அதற்குக் கற்பனை நாடொன்றைப் படைக்காமல் ஐரியத் தொன்மத்தை நிலைக்களமாக்கினார். ‘இளமையின் நிலம்’ எனப் பொருள்படும் ஐரிய மறுவுலகின் பெயரே கதை நிகழும் நாட்டின் பெயராயிற்று. ஐரியப் படையெடுப்புகளின் பழங்கதையில் முதல் பேரரசனாகக் கூறப்படுபவனின் பெயரே தலைவனின் பெயராயிற்று. கருத்து வேறுபாடுகள் அனைத்தும் தொன்மமும் வாய்பாடும் ஒன்றையொன்று சந்திக்கும் இவ்விடத்திலேயே தோன்றுகின்றன எனலாம்.

ஆநிரை கவர்தலும் உடல் முறுக்கமும்

முதற் கருத்து வேறுபாடு மூலத்திற்கு உண்மையாய் இருத்தல் பற்றியது. தொன்மத்தை அறிந்த வாசகருள் சிலர், இத்தொகுப்பு கெல்தியப் பண்பாட்டைப் பல நூற்றாண்டுகளும் பல நாடுகளும் கலந்த கலவையாக்கிவிட்டது என்பர். வேறு சிலர், ஐரியத் தொன்மத்தின் உயிர்ப்பை இத்துணை நெருக்கமாகத் தீண்டிய வெகுமக்கள் படைப்பு வேறில்லை என்பர்.

இதனை எடைபோட ஐரியக் காப்பியமாகிய ‘தாயின்’ பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அதன் முழுப்பெயரின் பொருளே கூலி என்னும் நிலப்பகுதியின் ஆநிரை கவர்தல் என்பதாகும். கொனாக்ட் நாட்டு அரசி மேவ், கூலியின் பழுப்புநிறக் காளையைக் கவர்வதற்குப் படைதிரட்டி வருகிறாள். அல்ஸ்டர் வீரர்கள் சாபத்தால் நோயுற்றுக் கிடக்க, கூகுலின் என்னும் இளைஞன் தனியொருவனாய் எல்லையைக் காக்கிறான். தமிழ்ப் பொருளிலக்கணம் பயின்றோர்க்கு இது புறத்திணைகளுள் முதலாவதான வெட்சியின் களமெனச் சொல்லாமலே விளங்கும். மேவின் செயல் வெட்சி. கூகுலினின் செயல் பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாகப் பிரித்த கரந்தை. தொல்காப்பியம் ஆளும் ‘ஆகோள்’ என்னும் சொல், 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகல்லிலும் இடம்பெற்றிருப்பது நாம் அறிந்ததே. மாடு செல்வமாக இருந்த சமூகங்களில் வீரம் மாட்டைச் சுற்றியே இலக்கியமாயிற்று என்பதற்கு இவ்விரு மரபுகளும் சான்று.

கூகுலினுக்குச் சினம் மூளும்போது அவன் உடல் உருமாறும். தோலுக்குள்ளேயே உடல் திரும்பிக்கொள்ளும். ஒரு கண் உள்ளே புதைய, மற்றது வெளியே பிதுங்கும். உச்சியினின்று கருங்குருதி தூணாய் எழும். தாமஸ் கின்செல்லா 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இந்நிலைக்குப் புதியதொரு தொடரை ஆக்கித் தந்தது. ‘உடல் முறுக்கம்’ எனத் தமிழில் கூறத்தக்க அத்தொடரையே மில்ஸ் தம் வீரனுக்கு உரிமையாக்கினார். ஆயின் ஒரு மாற்றம் செய்தார். கூகுலினின் உருமாற்றம் வீரனின் சினத்திலிருந்து எழுவது. ஸ்லான்யாவின் உருமாற்றம் நிலத்தின் ஆற்றல் அவன் உடலுள் பாய்வதால் நிகழ்வது. மண்ணே வீரனுள் புகுந்து போரிடுகிறது என்னும் கருத்து மில்ஸுக்கு உரியது. இது மூலத்திற்கு மாறானதாயினும் கதையின் உள்ளமைப்பிற்கு இன்றியமையாதது. மண்ணைக் கெடுப்போனுக்கும் மண்ணுக்கு உரியோனுக்கும் இடையிலான போராகக் கதை மாறுவது இதனாலேதான்.

ஆகவே, ‘உண்மையாய் இல்லை’ என்னும் குற்றச்சாட்டு பாதியளவே பொருந்தும். தொன்மம் என்பது வழங்குந்தோறும் மாறுவது. வான்மீகியும் கம்பரும் ஒரே கதையை ஒரே வகையில் கூறவில்லை. பத்துமலையின் இராமாயணக் குகையில் சுதையுருவங்களாக நிற்கும் இராமகாதையும் அவ்விருவர் கதையின் நேர்ப்படி அன்று. அங்கே உறங்கும் கும்பகருணனின் பேருருவைச் சூழ்ந்து வாத்தியம் முழக்கி எழுப்புவோரைக் காணும் சிறுவர், காட்சி அடுத்துக் காட்சியாக நடந்து கதையை ‘வாசிக்கின்றனர்’. சட்டகம் சட்டகமாகக் கதை சொல்லும் முறை நமக்குப் புறத்தே இருந்து வந்ததன்று என்பதற்கு அக்குகையே சான்றாகும்.

குருதியும் நகையும்

இரண்டாவது வேறுபாடு சுவை பற்றியது. ‘கொம்புடைக் கடவுள்’ தொகுப்பில் தலைகள் உருளும் பக்கத்திலேயே உக்கோவின் கீழ்த்தரமான நகைச்சுவையும் வரும். வீரன் தான் கொன்றோரின் தொகையை எண்ணிப்பார்த்து, அது மிகையன்று எனக் கருதிக்கொள்ளுதல் தொடரில் மீண்டும் மீண்டும் வரும் நகைமொழி. காப்பியப் பெருமிதத்தை எதிர்பார்த்த வாசகர் இதனால் முகஞ்சுளிப்பர். நகையையும் வேகத்தையும் விரும்பிய வாசகரோ, பிஸ்லியின் ஓவியம் கதையை மிகவும் கனமாக்கிவிட்டது எனக் குறைகூறி, முந்தைய கருப்பு வெள்ளைக் கதைகளையே மேலெனக் கொள்வர்.

இவ்விரு சாராரும் பெருமிதமும் கோரமும் நகையும் ஓரிடத்தில் உறைய இயலாதன என்னும் எண்ணத்தை உட்கொண்டுள்ளனர். தமிழ் மரபை அறிந்தார் இவ்வெண்ணத்தை ஏற்க வேண்டியதில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. அதனைப் பரிமாறுமிடத்துப் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய் எனத் தத்தம் இயல்புக்கேற்பக் கலம் ஏந்துகின்றன. முதற்குலோத்துங்கனின் வெற்றியைப் பாட எழுந்த அந்நூலின் பெருமிதம் இந்நகையால் குன்றவில்லை. போரின் பயன் இறுதியில் யார் வயிற்றை நிரப்புகிறது என்னும் வினாவை அந்நகையே எழுப்பி நிற்கிறது.

திருமுருகாற்றுப்படையும் இவ்வகையில் எண்ணத்தக்கது. அதில் முருகனின் ஆறுமுகங்களுள் ஒன்று சினங்கொண்டு களவேள்வி செய்கிறது. மற்றொன்று வள்ளியோடு நகை பொருந்துகிறது. பேய்மகள் பிணந்தின்று துணங்கை ஆடும் களமும், ஆட்டுக்கிடாயின் குருதி கலந்த அரிசியைப் பலியாகத் தூவும் குறமகளின் வழிபாடும் அந்நூலில் இடம்பெறுகின்றன. பக்திப் பனுவலாகப் பதினோராம் திருமுறையில் சேர்க்கப்பட்ட நூல் இது என்பதை மறத்தலாகாது.

உக்கோவின் இடத்தையும் இம்மரபின் வழியே விளக்கலாம். நமது தெருக்கூத்தில் கட்டியக்காரன் அரசனை அறிமுகம் செய்வான். அவனே அரசனை எள்ளியும் நகைப்பான். வீரன் தன் புகழைத் தானே கூறின் அது தற்பெருமையாகும். பொய்யன் ஒருவன் கூறின், கேட்போர் ஒவ்வொரு புகழ்ச்சியையும் ஐயுற்றே ஏற்பர். உக்கோவை வரலாற்றாசிரியனாக்கியதன் வாயிலாக மில்ஸ் வீரனுக்கும் வாசகனுக்கும் இடையே ஓர் இடைவெளியை அமைத்தார். அவ்விடைவெளி இல்லையேல் இத்தொகுப்பு வெற்று வீரவழிபாடாக முடிந்திருக்கும். ஆதலின், நகைச்சுவை நூலின் குறையெனக் கொள்வோர் கருத்தை நாம் ஏற்பதற்கில்லை.

பெண் தெய்வமும் பெண் உருவமும்

மூன்றாவது வேறுபாடு நூலின் கருத்துநிலை பற்றியது. எதிர்ப்போரின் வாதம் வலுப்பெறும் இடமும் இதுவே. மில்ஸ் தம் கதையில் நிலத்தாயைக் கன்னி, தாய், முதியோள் என்னும் மூன்று நிலைகளில் காட்டுகிறார். ஆணாதிக்கச் சமயங்கள் வருமுன் உலகெங்கும் தாய்த்தெய்வ வழிபாடே நிலவியது என்றும், ஆட்சிக்காலம் முடிந்த மன்னன் தெய்வத்திற்காகத் தன்னையே பலியிட வேண்டும் என்றும் வரும் கருத்துகள் ஃபிரேசர், ராபர்ட் கிரேவ்ஸ் ஆகியோரின் நூல்கள்வழிப் பரவியவை. 1948ஆம் ஆண்டில் கிரேவ்ஸ் வெளியிட்ட ‘வெண்தெய்வம்’ என்னும் நூலே முந்நிலைத் தாய்த்தெய்வக் கோட்பாட்டின் பெருவாயில். வரலாற்றறிஞர் ரொனால்டு ஹட்டன் 1999ஆம் ஆண்டு நூலில், இக்கோட்பாட்டின் வேர்கள் பழங்காலத்தைவிடப் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே மிகுதியும் உள்ளன எனக் காட்டினார்.

புனைகதை வரலாற்றுக்குக் கட்டுப்பட வேண்டுவதில்லை. எனினும் இரண்டு குறைகள் கலைநோக்கிலேயே தோன்றுகின்றன. முதலாவது, தானு வாய்திறக்குந்தோறும் கதை நின்று உரை தொடங்குகிறது. தெய்வம் தன் கோட்பாட்டைத் தானே விளக்குகிறது. பரணியின் காளி இவ்வாறு விரிவுரை ஆற்றுவதில்லை. அவள் பேய்களின் முறையீட்டைக் கேட்கிறாள், களத்தைக் காண வருகிறாள். சிலப்பதிகார வேட்டுவவரியில் கொற்றவையின் குரல் சாலினி என்னும் எயினர்குடிப் பெண்ணின் உடலில் ஏறி வருகிறது. பாலை நிலத்து மக்களின் பசியும் கடனும் அக்குரலில் உள்ளன. அங்குத் தெய்வத்தின் சொல்லுக்கு ஒரு வாயும் ஒரு சூழலும் உண்டு. தானுவின் சொல்லுக்கு ஆசிரியரின் குரல் மட்டுமே உண்டு.

இரண்டாவது குறை பெரிது. சொல் பெண்மையைத் தெய்வமாக உயர்த்தும்போது, சித்திரம் பெண்ணுடலை ஆடை குறைத்து ஆணின் கண்ணுக்கு விருந்தாக்குகிறது. ஃபிராங்க் ஃபிரசெட்டா வகுத்த வாள்வீரக் கதை ஓவியமரபு பிஸ்லியின் தூரிகையில் அப்படியே தொடர்கிறது. பழங்காலத்து ஆடைமுறை அதுவென அமைதி கூறுவர் சிலர். ஆயின் ஒரு பக்கத்தில் உடல் எவ்வாறு நிறுத்தப்படுகிறது, எவர் பார்வைக்குத் திருப்பப்படுகிறது என்பதே கேள்வி. அதற்கு ஆடைவரலாறு விடையாகாது. சித்திரக்கதையில் சொல்லும் படமும் ஒரே பொருளைக் கூற வேண்டும் என்பதில்லை. முரணும் பொருள் தரலாம். இங்கே அம்முரண் திட்டமிட்டதாகத் தோன்றவில்லை. பெண் வாசகர் இத்தொகுப்பின்பால் கொள்ளும் ஐயம் நியாயமானது என்பதே நம் முடிவு. மகனைப் போருக்கு அனுப்பும் மூதின் மகளிரைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியார், மகனின் உடலைக் களத்தில் தேடும் தாயைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஆகியோரின் புறப்பாடல்கள், வீரயுகத்தைப் பெண்ணின் கண்வழி காணும் முறை பழமையிலேயே இருந்தது என்பதை உணர்த்துகின்றன. மில்ஸின் உலகில் அத்தகைய கண் இல்லை.

கோடும் வண்ணமும்

நான்காவது வேறுபாடு ஓவியம் பற்றியது. மக்மானின் ஓவியம் மரச்செதுக்கை நினைவூட்டும் கீறல்களால் ஆனது. சேறும் புகையும் மணக்கும் நிலம் அது. ஃபேப்ரியின் கோடுகள் உடற்கூற்று நுட்பம் மிக்கவை. பிஸ்லியோ ஒவ்வொரு பக்கத்தையும் வண்ண ஓவியமாக்கினார். 2000க்குப் பின்னர் கிளின்ட் லாங்லி கணினிவழி ஒளிப்படங்களை இழைத்துப் ‘படையெடுப்புகளின் நூல்’ என்னும் பகுதிகளைப் படைத்தபோது வாசகரிடையே பிளவு மேலும் கூர்மையடைந்தது. கோட்டை விரும்புவோர், வண்ணம் கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்பர். வண்ணத்தை விரும்புவோர், தொன்மத்திற்குரிய பெருந்தோற்றம் அதனாலேயே கைகூடுகிறது என்பர்.

பத்துமலையில் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். குடமுழுக்கையொட்டி 272 படிகளும் பலவண்ணம் தீட்டப்பெற்றன. ஒரு சாரார் கண்கொள்ளாக் காட்சியென வியந்தனர். மற்றொரு சாரார் தொன்மையின் அமைதி குலைந்தது என வருந்தினர். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி முன்னனுமதி பெறப்படவில்லை என்னும் சர்ச்சையும் எழுந்தது. அச்சர்ச்சையின் சட்டக்கூறு நமக்கு இங்கு வேண்டுவதன்று. சுண்ணக்குன்றின் சாம்பல்நிறமே தொன்மையென எண்ணுவோரும், கோபுரத்தின் பல்வண்ணமே தொன்மையென எண்ணுவோரும் ஒரே படிகளில்தான் ஏறினர் என்பதே கருதத்தக்கது. பழமை என்பது எந்நிறம் என்னும் கேள்விக்கு ஒருவர் தரும் விடை, அவர் பழமையை முதலில் எங்கே கண்டார் என்பதைப் பொறுத்தது.

அவ்வாறே, கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் அவர் மாணவரும் வரைந்து, சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாகப் பரப்பிய முருகனே பலர் மனத்தில் உறைந்த முருகன். மென்மையான முகமும் நகைமுத்து வரிசையும் கொண்ட அவ்வுருவத்தில் களவேள்வி செய்யும் முகத்திற்கு இடமில்லை. 2006ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பெற்ற 42.7 மீட்டர் உயரச் சிலையும் அவ்வமைதி மரபினதே. இது குறையன்று, காலந்தோறும் ஒரு சமூகம் தன் தெய்வத்தின் எம்முகத்தை வேண்டுகிறதோ அம்முகத்தையே வடிக்கும். ஆயினும் அம்முகம் ஒன்றே உண்டு என நம்பத் தொடங்கும்போது, பழநூல்களை வாசிக்கும் ஆற்றலை நாம் இழக்கிறோம்.

காட்டுமிராண்டி என்னும் சொல்

இனி மையவினாவிற்கு வருவோம். கிரேக்கர், தமக்கு விளங்காத மொழி பேசினோரைக் குறிக்க ஆண்ட சொல்லே பின்னர் ஐரோப்பிய மொழிகளில் காட்டுமிராண்டி எனப் பொருள்பட்டது. உரோமர் கெல்தியரை அவ்வாறு நோக்கினர். நம் இலக்கியமும் இதற்கு விலக்கன்று. முல்லைப்பாட்டு, அரசனின் பாசறையைக் காக்கும் மிலேச்சரை நாவால் பேசாது உடலால் பேசுவோராகக் காட்டுகிறது. தன் மொழி அறியாதவன் மொழியே அற்றவன் எனக் கருதும் வழக்கம் எல்லா நாகரிகங்களுக்கும் பொது. மில்ஸ் இவ்விழிசொல்லை எடுத்து, பேரரசுகளுக்கு அடங்காதவன் எனப் பொருள்மாற்றம் செய்தார். இத்தொகுப்பை விரும்புவோரின் உணர்ச்சி ஈடுபாட்டிற்கு இதுவே ஊற்று.

மலாயாத் தமிழர் இச்சொல்லைத் தம்முள்ளேயே எதிர்கொண்டனர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவிற்கு வந்தபின் சுயமரியாதைக் கருத்துகள் இங்கு வேரூன்றின. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ வெளிவந்தது. அலகு குத்துதலும் காவடியும் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவை, பிற இனத்தார் முன் நம்மை இழிவுபடுத்துபவை எனச் சீர்திருத்தர் வாதிட்டனர். அவ்வியக்கத்தின் சொல்லாட்சியில் ‘காட்டுமிராண்டி’ ஓங்கி ஒலித்த கண்டனச் சொல். வழிபடுவோரோ, நேர்த்திக்கடனும் விரதமும் தம் உடலின் மீது தமக்குள்ள உரிமை எனக் கொண்டனர். தோட்டத்தில் உழைப்பு முழுவதையும் பிறர்க்கு விற்ற ஒருவனுக்கு, ஆண்டில் ஒருநாள் தன் உடல் தன் தெய்வத்திற்கே உரியதாயிற்று என்னும் உணர்வு சிறிதன்று. சீர்திருத்தரின் கவலையும் பொய்யன்று. சாதியையும் மூடநம்பிக்கையையும் எதிர்த்த அவர்தம் உழைப்பால் பயன்பெற்ற சமூகம் இது.

காவடியேந்துவோர்க்கு அருள் வரும் நிலையையும் ஸ்லான்யாவின் உடல் முறுக்கத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின் ஒற்றுமை மேலோட்டமானது என்பது புலப்படும். இரண்டிலும் உடலுக்கு அப்பாற்பட்ட ஆற்றல் உடலுள் புகுகிறது. ஸ்லான்யாவிடம் அது புறத்தே பாய்ந்து பகைவரை அழிக்கிறது. காவடியாளரிடம் அது எவரையும் தீண்டுவதில்லை. சுமையைத் தாங்கிப் படியேறச் செய்கிறது. பகை முடிவிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. ஸ்லோ ஃபெக்கின் அழுகல் உலகத்தினின்று நீக்கப்பட வேண்டியதாகவே இறுதிவரை நிற்கிறது. கந்தபுராணத்திலோ, கடல்நடுவே மாமரமாய் நின்ற சூரபன்மன் பிளவுண்டு மயிலும் சேவலுமாகி, வென்றவனுக்கே ஊர்தியும் கொடியும் ஆகிறான். பகைவனை அழித்து மகிழும் கதைக்கும் அவனை ஏற்று உயர்த்தும் கதைக்கும் உள்ள இடைவெளி பெரிது.

ஆகவே, ‘காட்டுமிராண்டி’ என்னும் இழிபெயரைப் பெருமைப் பெயராக்கும் மில்ஸின் உத்தி நமக்கு முழுமையாகப் பயன்படாது. அவ்வுத்தி அடங்காமையைக் கொண்டாடுகிறது. ஆயின் அடங்காதவன் எப்போதும் வாளேந்திய ஆணாகவே இருக்கிறான். தைப்பூசத்தில் பால்குடம் ஏந்தி வரும் பெண்ணும், தேரின் பின் நடக்கும் முதியவரும் அப்பெருமையினுள் அடங்கமாட்டார். வெளியார் ஒளிப்படத்தில் அலகு குத்திய முகம் மட்டும் பெரிதாகத் தோன்றி ஏனைய கூட்டம் மறைவது போன்றதே இதுவும். இழித்துரைப்போரும் வியந்து போற்றுவோரும் ஒரே படத்தைத்தான் தேர்ந்தெடுக்கின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். ‘கொம்புடைக் கடவுள்’ தொகுப்பு மூலத்திற்கு மாறானது என்னும் குற்றச்சாட்டு தொன்மத்தின் இயல்பை நோக்க வலுவற்றது. குருதியும் நகையும் கலந்தமை குறையெனக் கூறுவது பரணி மரபை அறிந்தோர்க்கு ஒவ்வாது. நூலின் தலையாய சிறப்பு அக்கலப்பிலேயே உள்ளது. ஓவியம் பற்றிய வேறுபாடு பழமையைப் பற்றிய முன்னெண்ணங்களின் வேறுபாடாகும். பெண் தெய்வம் பற்றிய பகுதியில் மட்டும் எதிர்ப்போரின் கருத்து ஏற்புடையது. அங்குச் சொல்லும் படமும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன.

சித்திரக்கதை நமக்கு அயலான வடிவமன்று. 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வெளிவந்தது முதல் மேலைநாட்டு வீரர்கள் தமிழ் பேசி வருகின்றனர். 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை இந்தியத் தொன்மங்களைச் சிறுவர்க்கெனத் தூய்மைப்படுத்தி வழங்கியது. வெட்சியும் கரந்தையும், நடுகல்லும் மூதின் மகளிரும், களவேள்வி செய்யும் முகமும் நகை பொருந்தும் முகமும் ஒருங்கே இடம்பெறும் தமிழ்ச் சித்திரக்கதை, முதிர்ந்த வாசகரை எண்ணி, படைக்கப்படுதல் வேண்டும். அதனைப் படைப்போர் மில்ஸிடமிருந்து வரலாற்றைப் பொய்யனொருவன் வாயில் வைக்கும் துணிவைக் கற்கலாம். தெய்வத்தை விரிவுரையாளராக்கும் பழக்கத்தை விலக்கலாம். அத்தகைய நூல் வெளிவரின், பத்துமலைப் படிகளுக்குத் தீட்டிய வண்ணத்தைப் போல அதுவும் நம்மவரை இரு சாராராக்கும். அவ்விரு சாராரின் வாதங்களையும் பதிவுசெய்து எடைபோடும் பொறுப்பு நம் போன்ற ஆய்விதழ்களுக்கு உரியது.